திம்பத்தில் வேறு ரோடு எங்கே இருக்கிறது? நேர்கோட்டு கேம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் காலேஜ் பசங்களின் கேமைப் பார்க்க உட்கார்ந்தால், கன்ட்ரோலரைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ஒருவர் இழுப்பார்: "இப்போதைக்கு லீனியர் கேம்தானுங்ணா. ஆனா சீக்கிரமே ஓப்பன் வேர்ல்டு ஆக்கிருவோம்." ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு முகம். லீனியர் என்றால் ஒரே வழியில் முன்னே போகிற நேர்கோட்டு கேம். ஓப்பன் வேர்ல்டு என்றால் நினைத்த பக்கம் சுற்றித் திரிகிற திறந்த உலகம். அந்த வயதில் எனக்கும் அதே கூச்சம் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன். சேவ் ஆகவில்லை, எழுத்து பொடியாக இருக்கிறது, சவுண்டு காதைக் கிழிக்கிறது என்பதையெல்லாம் முதலில் விளையாடுகிறவரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேர்கோடு என்றாலே மட்டம் என்று நினைப்பது

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வலதுபக்கம்தான் போக முடியும். திரை நகர்ந்துவிட்டால் விட்டுவந்த இடத்துக்குத் திரும்பக்கூட முடியாது. அதற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை. 2009 கடைசியில் ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேன்டஸி 13-ஐ மட்டும் ஒரே நீள வராண்டா என்று திட்டினார்கள். வழி இரண்டிலும் ஒன்றுதான். மாரியோவில் நாலு எட்டு வைப்பதற்குள் குழி, குழாய், ஆமை என்று புதிதாக ஏதாவது சமாளிக்க வேண்டும். மற்றதில் ஓடு, சண்டை போடு, காட்சியைப் பார், மறுபடியும் ஓடு. பரந்த வெளி வருவது 11-ஆம் அத்தியாயத்தில். அதுவரை பொறுமை வேண்டுமே!

கேம் சலிக்கிறது என்றால் ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன், ரோட்டில் செய்வதற்கு என்ன வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

பாதியில் மேப்பைத் திறந்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஒரு குழு அருமையான யோசனையோடு வந்தது. தாளவாடிப் பக்கம் கரும்பு லோடு ஏற்றிய லாரி, இருட்டுவதற்குள் காராப்பள்ளம் செக்போஸ்ட், ஆசனூர், திம்பம் தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி பண்ணாரி வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் கேம். அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், கரும்பு வாசனைக்கு யானை ரோட்டோரம் வந்து காத்து நிற்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கீழ் கியரில்தான் இறங்க வேண்டும். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. விதிகள் எல்லாமே ஏற்கெனவே அந்த ரோட்டில் இருந்தன. பசங்களும் அழகாக அடுக்கியிருந்தார்கள். முதல் சில வளைவுகள் காலி, கியர் பழக. அடுத்து எதிரே ஒரு பஸ். அதற்கப்புறம் பஸ்ஸும் பனியும். பிரேக் சூடேறிய நேரம் பார்த்து நடுரோட்டில் யானை. விளையாடும்போது உள்ளங்கை வேர்த்தது.

அப்புறம் ஒருநாள் வந்து, "எத்தன தடவ ஆடினாலும் அதே ரோடுதானுங்ணா. ஸ்டீம்ல ஓப்பன் வேர்ல்டுன்னு டேக் போட்டாத்தான் பாப்பாங்க" என்றார்கள். ஸ்டீம் என்பது கேம் விற்கிற ஆன்லைன் கடை.

"திம்பத்துல வேற ரோடு எங்க கண்ணு இருக்குது?" என்று கேட்டேன். சிரித்தார்கள். போய் மேப்பைத் திறந்துவிட்டார்கள்.

மேலே சமவெளியில் நாலு கிராமம், தோட்டத்துச் சாலைகள், பால் கேன் எடுத்துப்போகிற வேலை, காணாமல் போன ஆட்டைத் தேடுகிற வேலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது லோடே ஏற்றாமல் ஒருவர் திம்பத்துக்கு வந்துவிடுகிறார். கரும்பு இல்லாத லாரியை யானை ஏன் மறிக்க வேண்டும்? இன்னொருவர் நினைத்த இடத்தில் நிறுத்தி பிரேக்கை ஆறவைத்துக்கொள்கிறார், பதற்றம் போயிற்று. மூன்றாமவர் பண்ணாரியிலிருந்து மேலே ஏறுகிறார். இறங்குகிறவர் கண்ணுக்கென்று வைத்த எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் அவருக்கு முதுகைக் காட்டுகின்றன. ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று உடையும். அந்த கேம் வெளிவரவே இல்லை, யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலோ கிடக்கிறது.

நேர்கோடு நமக்குத் தருவது மூன்று தகவல்கள். ஆள் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், இதுவரை என்ன கற்றிருக்கிறார். 2004-இல் வந்த ஹாஃப் லைஃப் 2-இல் ரேவன்ஹோம் என்ற ஊருக்குள் நுழைந்ததும், இரண்டாக வெட்டுப்பட்ட ஸோம்பியும் வழியை மறித்தபடி பதிந்திருக்கும் ரம்பத் தகடும் தெரியும். போக வேண்டுமென்றால், பொருளை இழுத்துப் பிடித்து வீசுகிற கிராவிட்டி கன் என்ற துப்பாக்கியால் தகட்டை இழுத்தாக வேண்டும். இழுத்த கையோடு எதிரே ஒரு ஸோம்பி வரும். விரல் தானாக அழுத்தும். ஒரு வரி விளக்கம் இல்லாமல் பாடம் முடிந்துவிட்டது. துப்பாக்கி கையில் இருக்கிறது, இந்த வாசல் வழியாகத்தான் வருவார் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் இப்படி வைக்க முடிந்தது.

திறந்த உலகத்துக்கு உதாரணமாகப் பசங்கள் காட்டுகிற பிரெத் ஆஃப் த வைல்டையே (2017) எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஒரு மேட்டுநிலத்தில் அடைத்துவைத்து, நாலு கோயில்களை முடித்து காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடர் வாங்கின பிறகுதான் வெளியே விடுகிறார்கள். மேலே சொன்ன தகவல்களில் இரண்டையாவது உறுதி செய்துகொண்டுதான் கதவைத் திறக்கிறார்கள். அத்தனை பெரிய நிறுவனமே இவ்வளவு யோசிக்கிறபோது, ஹாஸ்டல் ரூமில் மூன்று பேர் எந்தத் தைரியத்தில் திறக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

திறந்த உலகம் வேண்டுமா, முதல் நாளே அப்படி முடிவு செய்யுங்கள். பாதியில் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

வழி திறந்திருப்பதுபோல் தெரியும், போனால் ஒன்றும் இல்லாத இடத்தில் முட்டி நிற்கும். கூடாது. ஒரு மரத்தைச் சாய்த்துப் போடுங்கள்.

எல்லாமே உங்கள் முடிவுதான் என்று விளம்பரம் செய்வது

பத்து இடத்தில் இரண்டிரண்டு தேர்வு வைத்து, எதையும் திரும்பச் சேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். எழுதமாட்டீர்கள். 2012-இல் வந்த டெல்டேலின் த வாக்கிங் டெட்டில்கூட, பிரிகிற கிளைகள் பெரும்பாலும் பழைய வழிக்கே திரும்பி வரும். ஆனால் கூட வருகிறவர்கள் நீங்கள் பேசினதை நினைவு வைத்திருப்பார்கள். அந்த அளவுக்கு உங்களால் முடியும், அதை மட்டும் சொல்லி விற்றால் போதும்.

பத்து மணி நேரம் ஓட வேண்டும் என்று இழுப்பது

தமிழ்க் குடும்பத்துக் கதையான வெண்பா (2023) நேர்கோட்டு கேம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. நீளம் தேவைப்படவில்லை.

சிக்கிக்கொண்டவருக்கு மாற்று வைக்காதது

நேர்கோட்டின் உண்மையான பலவீனம் இது. திறந்த உலக கேமான எல்டன் ரிங்கில் (2022) கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பெரிய எதிரி நம்மை அடித்துப் போட்டால், தெற்கே போய்ச் சுற்றி, பலம் சேர்த்துக்கொண்டு வரலாம். உங்கள் கேமில் சிக்கிக்கொண்டவர் எங்கே போவார்? அன்இன்ஸ்டால் பட்டனுக்குத்தான். ஆகவே புதிய ஆள் ஒருவரை உட்கார வைத்து விளையாடச் சொல்லுங்கள். பின்னால் நின்று "லெஃப்ட் போங்க, லெஃப்ட் போங்க" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் எங்கே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் இரண்டாவதாக ஒரு தீர்வு வையுங்கள். யானை நகரவில்லையா, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தாலும் நகரட்டும்.