பின்ஃபு என்று நினைத்த கை பின்ஃபு ஆகாமல் போவது எங்கே?

1-2-3 எழுத்து, 6-7-8 எழுத்து, 3-4-5 வட்டம், 4-5-6-7 மூங்கில். ஜப்பானிய மாஜாங் பழக ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் என் முன்னால் நின்ற 13 காய்கள் இவை. எழுத்து, வட்டம், மூங்கில் என்பவை எண் காய்களின் மூன்று இனங்கள்; பதினான்காவது காய் வந்து நான்கு தொகுதிகளும் ஒரு ஜோடியும் அமைந்தால் கை முடியும். எல்லாமே தொடர். அடுத்தவர் போட்ட காய் எதையும் நான் எடுக்கவில்லை. 4 மூங்கில் வந்தாலும் 7 மூங்கில் வந்தாலும் கை முடிந்துவிடும். இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, இது பின்ஃபு என்ற யாக்குதான் (யாக்கு என்றால் கைக்கு மதிப்பு தரும் அமைப்பு), ரீச்சி (கை தயார் என்று 1000 புள்ளி வைத்து அறிவிப்பது, அதுவும் ஒரு யாக்கு) சொல்லாமல் சத்தமின்றிக் காத்திருப்போம் என்று முடிவு செய்தேன். எதிரே இருந்தவர் 7 மூங்கிலைப் போட்டார். ரோன் (அடுத்தவர் போட்ட காயால் கையை முடிப்பது) சொல்லிக் காய்களைத் திறந்து வைத்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "இதுல யாக்கு எதுவுமே இல்லையே" என்றார். தவறான ரோனுக்கு அபராதம் கட்டினேன்.

பின்ஃபு 1 ஹான் (கையின் மதிப்பை அளக்கும் அலகு) மதிப்புள்ள எளிய யாக்கு. யாக்கு ஒன்றாவது இல்லாமல் இந்த ஆட்டத்தில் கையை முடிக்கவே முடியாது என்பதால், புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். நான்கு தொடர், மதிப்பில்லாத ஒரு ஜோடி, இருபக்கக் காத்திருப்பு, கை மூடியே (அடுத்தவர் போட்ட காயை எடுத்துச் சேர்க்காமல்) இருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகளாக மனப்பாடம் செய்கிறோம். தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நான்கையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் போதும்.

ஆட்டத்தில் ஹான் தவிர ஃபு என்று ஒரு சிறு கணக்கு உண்டு. கைக்கு அடிப்படையாக 20 ஃபு. ஒரே காய் மூன்று சேர்ந்தால் அதற்குக் கொஞ்சம், எண் இல்லாத டிராகன் காய்களின் ஜோடிக்கு 2, கடினமான காத்திருப்புக்கு 2 என்று மேலே ஏறும். அமைப்பிலிருந்து ஒரு ஃபுகூடக் கூடாத மூடிய கைதான் பின்ஃபு. பெயரே சீனத்தின் 'பிங் ஹு', அதாவது சாதாரண வெற்றி, என்பதிலிருந்து வந்தது. அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானியர் வழக்கமான பேச்சில் 'ஹெய்வா' என்று வாசித்தால் சமாதானம் என்று பொருள். (பெயரில் வரும் 'ஃபு'வும் கணக்கில் வரும் ஃபுவும் வேறு வேறு எழுத்துகள். ஒலி ஒன்றாக இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) ஆகவே சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கையில் எங்காவது ஃபு ஒளிந்திருக்கிறதா?

என் கையில் ஒளிந்திருந்தது. 4-5-6-7 என்பதை 4-5-6 தொடர், தனியாக ஒரு 7 என்று பிரிக்கலாம். 5-6-7 தொடர், தனியாக ஒரு 4 என்றும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் நான் காத்திருந்தது ஜோடிக்காக. ஜோடிக்கான காத்திருப்புக்கு 2 ஃபு உண்டு, எனவே பின்ஃபு போச்சு. இரண்டு காய்களுக்குக் காத்திருப்பது வேறு, இருபக்கக் காத்திருப்பு வேறு. முந்தைய மூன்று தொடர்களோடு 4-4-5-6 மூங்கில் இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அப்போது 4-4 ஜோடி, 5-6 தொடருக்கான பாதி. 4 வந்தாலும் 7 வந்தாலும் பின்ஃபு. இரண்டு கைகளும் காத்திருப்பது அதே 4, 7 காய்களுக்கு. என் கையில் இருப்பவற்றைக் கழித்தால் மிச்சமும் இரண்டிலும் 6 காய்கள்தான். ஒன்றில் யாக்கு உண்டு, மற்றதில் இல்லை.

அதனால் 4-5-6-7 மாதிரி நீண்ட தொடரில் காத்திருக்கும்போது ஒன்று ரீச்சி சொல்லுங்கள், இல்லை கையை மாற்றப் பாருங்கள். என் கைக்கு ஒரு 5 மூங்கில் வந்திருந்தால் 4-ஐப் போட்டுவிட்டு 5-5-6-7 ஆக்கியிருக்கலாம். 5-5 ஜோடி, 6-7க்கு 5 அல்லது 8, அசல் பின்ஃபு. 6 வந்திருந்தால் 7-ஐப் போட்டு 4-5-6-6. 3 அல்லது 6.

அடுத்த பெரிய இடறல் ஜோடி. மூன்று டிராகன்களும் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற காற்றுக் காய்கள்தான் தொல்லை. நான்கு காற்றுமே ஆகாது என்று நினைத்து நல்ல ஜோடியை உடைப்பவர்கள் உண்டு; எல்லாமே ஆகும் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. நடக்கும் சுற்றின் காற்று ஆகாது, உங்கள் இருக்கையின் காற்று ஆகாது, மற்றவை தாராளமாக ஆகும். இருக்கைக் காற்றோ டீலர் பதவி (டீலர்தான் கிழக்கு) கைமாறும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கிழக்குச் சுற்றில் நீங்கள் தெற்காக உட்கார்ந்தால் தெற்கு ஜோடியில் பின்ஃபு கிடையாது. டீலர் பதவி நகர்ந்து நீங்கள் கிழக்கானதும் அதே தெற்கு ஜோடி செல்லும், கிழக்கு மட்டும் செல்லாது. ஆட்டம் தெற்குச் சுற்றுக்குள் போனதும் தெற்கு ஜோடி நான்கு பேருக்குமே ஆகாது; கிழக்கு ஜோடி டீலருக்கு மட்டும் ஆகாது. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும்போது 'நான் எந்தக் காற்று, எந்தச் சுற்று' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வது என் வழக்கம். காயை அடுக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவேன்.

சீ சொல்லி, அதாவது இடது பக்கத்தவர் போட்ட காயை எடுத்து, தொடரை முடித்தால் பின்ஃபு போய்விடும் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மூடிய கான் (தானாகக் கைக்கு வந்த ஒரே காய் நான்கை ஒரு தொகுதியாக அறிவிப்பது) விஷயத்தில் நன்றாக ஆடுபவர்களே தவறிவிடுகிறார்கள். ஒரே காய் நான்கு கைக்கு வந்ததும் டோரா (கூடுதல் ஹான் தரும் காய்) இன்னொன்று திறக்குமே என்று ஆசை வரும். கை மூடியேதான் இருக்கும், சரி. ஆனால் அந்த நான்கும் இனி தொடர் ஆகாது, குறைந்தது 16 ஃபு கூடிவிடும்.

கணக்கில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. தானாகக் காயை இழுத்து முடித்தால், அதாவது ட்சுமோ ஆனால், வழக்கமாக 2 ஃபு சேரும். பின்ஃபுவுக்கு அது சேராது. இன்று பரவலாக ஆடப்படும் விதியில் பின்ஃபு ட்சுமோ எப்போதும் 20 ஃபு. டீலர் அல்லாதவர் ரீச்சி இல்லாமல் பின்ஃபுவோடு ட்சுமோ செய்தால் மற்ற இருவரிடம் 400, டீலரிடம் 700, மொத்தம் 1500. 30 ஃபு என்று தப்பாகப் பார்த்து 500, 1000 கேட்டுவிடுகிறார்கள். ரோன் ஆனால்தான் மூடிய கைக்கான 10 சேர்ந்து 30 ஃபு. டீலர் அல்லாதவருக்கு வெறும் பின்ஃபு ரோன் 1000 புள்ளி. ரீச்சியும் சேர்ந்தால் 2000, அதையே ட்சுமோ செய்தால் 2700.

ஃபுரிதேன் (காத்திருந்தும் ரோன் செய்ய முடியாத நிலை) பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இருபக்கக் காத்திருப்பில் அதில் விழ இரண்டு வழி. 3-4 வைத்து 2, 5க்குக் காத்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் ஒரு 2-ஐப் போட்டிருந்தால் 5-லும் ரோன் செய்ய முடியாது, நீங்களே இழுத்தால்தான் உண்டு. இன்னொன்று ஆசையால் வருவது. 2 வந்தால் மூன்று நிறத் தொடர் (மூன்று இனத்திலும் ஒரே எண்களின் தொடர்) யாக்குவும் கூடும் என்று, வந்த 5-ஐ விட்டுவிடுகிறோம். உங்கள் அடுத்த முறை வரும் வரை ரோன் கிடையாது. ரீச்சி சொன்ன பிறகு விட்டால் அந்த ஆட்டம் முடியும் வரை கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு, பின்ஃபுவைத் துரத்துவதே தவறாகும் நேரமும் உண்டு என்று சொல்ல வேண்டும். வெள்ளை டிராகன் ஜோடியை உடைத்துப் பின்ஃபுவுக்குப் போகாதீர்கள். மூன்றாவது வெள்ளை வந்தால் அதுவும் 1 ஹான்தான், கையைத் திறந்தும் ஆடலாம். அதேபோல் ஐந்தாவது ஆறாவது முறையிலேயே 4-6 வைத்து 5க்குக் காத்திருக்கும் கை தயாராகிவிட்டால், இருபக்கமாக மாறட்டும் என்று பல முறை காத்துக் கிடப்பது பெரும்பாலும் நஷ்டம். கையில் டோரா ஒன்று இருந்து, மேசையில் இன்னும் யாரும் ரீச்சி சொல்லவில்லை என்றால், நான் அங்கேயே 1000 புள்ளிக் குச்சியை வைத்துவிடுவேன்.