அமைதிப்படைச் செய்தி மேசைக்கு வந்தால்

ராத்திரி பதினொன்றரைக்கு ஏஜென்சி செய்தி வரும்: தெற்கு சூடானில் ஐ.நா. படைத் தளபதி ஏதோ சொல்லியிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு தளபதியை ‘ஐ.நா. அமைதிப்படைக் குழுத் தலைவர்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் வாசகர் ஒருவர் போன் போட்டுத் திருத்தினார். புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தலைவர் யார் என்று பாருங்கள். பெரிய குழுக்களில் பெரும்பாலும் அவர் சீருடை போடாதவர், பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி. தெற்கு சூடானில் முதலில் இருந்தவர் நார்வேயின் ஹில்டே ஜான்சன். படைத் தளபதி, போலீஸ் கமிஷனர் எல்லாம் அவருக்குக் கீழே. லெபனான், சிரியா எல்லையிலுள்ள கோலான் குன்றுகள் போன்ற சில இடங்களின் குழுக்களில் கதை வேறு. அங்கே தளபதியே தலைவர்.

அப்புறம் குழுவின் நோக்கம். அதைப் பேட்டிகளில் தேடாமல் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானத்தில் தேடுங்கள். ‘நினைவுகூர்ந்து’, ‘கவலை தெரிவித்து’ என்று ஓடும் பத்திகளைத் தாண்டுங்கள். எண் போட்ட பத்திகளில்தான் வேலை இருக்கிறது. தேதியையும் பாருங்கள். 2011 ஜூலையில் வந்த 1996-ம் எண் தீர்மானம் (ஆண்டு என்று நினைத்துத் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு) புதிய நாடான தெற்கு சூடானின் அரசு காலூன்ற உதவச் சொன்னது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. உதவி பெற்ற அரசே போரில் ஒரு தரப்பு! பல்லாயிரம் பேர் ஐ.நா. முகாம்களுக்குள் ஓடிவந்தார்கள். 2014 மே மாதம் 2155-ம் எண் தீர்மானம் பொதுமக்கள் பாதுகாப்பை முதல் வேலையாக்கியது. பெயரும் நீலத் தொப்பியும் அப்படியே இருந்தன. ஆகவே குழுவின் பின்னணி சொல்லும் பழைய பெட்டிச்செய்தியை எடுத்து ஒட்டாதீர்கள்.

‘தளபதி உத்தரவிட்டார்’ என்று வந்தால், வீரர்கள் போனார்களா என்றும் கேளுங்கள். களத்தில் அவர்களை நடத்துவது தளபதி. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் உரிமை வீரர்களை அனுப்பிய அவரவர் நாட்டிடமே இருக்கும். 2016 ஜூலையில் தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் சண்டை மூண்டபோது, ஐ.நா. முகாமுக்குப் பக்கத்து விடுதியில் தாக்கப்பட்டவர்கள் உதவி கேட்டும் படை போகவில்லை. விசாரணைக் குழு தலைமையைக் குறை சொன்னது. கென்யத் தளபதி நீக்கப்பட்டார். கோபத்தில் கென்யா தன் வீரர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

சரி, எண்ணிக்கை. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘17,000 வீரர்கள் வரை’ என்றது தீர்மானம். அது உச்சவரம்பு. அத்தனை பேர் அங்கே நிற்பதாக எழுதாதீர்கள்.