ஸ்விட்ச்சின் பலத்தைப் பற்றி வாதாடும்போது சறுக்கும் இடங்கள்

கையில் பிடித்தும், டாக் என்ற தாங்கியில் செருகி டிவியிலும் ஆடக்கூடிய கேம் மெஷினான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச்சில் கடைக்கு வந்தபோதே அதன் சிப் கொஞ்சம் பழசு. உள்ளே இருந்தது என்விடியா 2015-இல் வெளியிட்ட டெக்ரா எக்ஸ்1. "இந்த கேம் அதில் ஓடும், அந்த கேம் ஓடவே ஓடாது" என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது. சண்டை போடலாம், தப்பில்லை. ஆனால் பலரும் ஒரே பள்ளத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள்.

ஒரு கேமைக் காட்டி இன்னொன்றுக்கு ஜாமீன் கேட்பதுதான் முதல் பள்ளம். "டூமே ஓடுது, இது ஓடாதா?" என்பார்கள். 2016-இன் டூம், சோனியின் பிஎஸ்4 மெஷினில் விநாடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படங்கள்), ஸ்விட்ச்சில் 30. ஒரு பிரேமை முடிக்க அங்கே 16.6 மில்லிவிநாடிதான், இங்கே 33.3. இரட்டிப்பு அவகாசம்! பிஎஸ்4-லேயே 30 பிரேமுக்கு மூச்சு வாங்கும் கேமுக்கு இந்தச் சலுகை கிடையாது. விட்சர் 3 அப்படிப்பட்ட கேம்தானே என்று கேட்கலாம். சரி, 2019-இல் அதுவும் வந்தது. ஆனால் டாக்கில் 720பி (உயரவாக்கில் 720 புள்ளி), கையில் 540பி என்று படத்தைச் சுருக்கி, நிழல், செடிகொடி எல்லாவற்றையும் சீவித்தான் உள்ளே திணித்தார்கள். ஆகவே ஒரு போர்ட்டை (வேறு மெஷினிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த கேமை) பற்றிப் பேசுமுன், மூல கேம் எத்தனை பிரேமில் ஓடியது என்று பாருங்கள்.

அடுத்தது டெராஃப்ளாப் மோகம், அதாவது சிப் விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற எண்ணின் மேல் மோகம். ஒரே எண்ணை வைத்து இரு வேறு நிறுவனங்களின் சிப்பை எடை போட முடியாது. அதோடு கணக்குப் போடும் வேகம் மட்டுமே வேகமும் அல்ல. நிண்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் அது டாக்கில் வைத்து டிவியில் ஆடும்போதுதான் அதிகம் திணறியது, கையில் ஆடினால் சீராக இருந்தது! டாக்கில் கிராபிக்ஸ் கிளாக் (சிப்பின் துடிப்பு வேகம்) 307-இலிருந்து 768 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. நினைவகத்தின் பேண்ட்வித்தோ (தரவு பாயும் வேகம்) விநாடிக்கு 21.3 ஜிபியிலிருந்து 25.6 வரைதான். படம் மட்டும் 720பி-யிலிருந்து 900பி. சமையல்காரரைக் கூட்டிவிட்டுக் குழாயை அப்படியே விட்ட கதை. பிஎஸ்4-இல் அதே பேண்ட்வித் 176 ஜிபி. டாக்கா, கையா என்று சொல்லாமல் "ஸ்விட்ச்சில் நல்லா ஓடுது" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

எல்லாப் பழியையும் மெஷின் தலையில் போடுவதும் எனக்கு ஒப்பாது. 2022-இல் போகிமான் ஸ்கார்லெட், வயலெட் தடுமாறியபோது நிண்டெண்டோவே அப்டேட் குறிப்பில் மன்னிப்புக் கேட்டது. அதே வருடம், அதே மெஷினில்தான் பரந்த நிலப்பரப்போடு ஸீனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3-உம் வந்தது.

அப்புறம் பேட்டரி. அதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் மாடல் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் தாங்கும். 2019-இல் அதே சிப்பைச் சிக்கனமாகத் தயாரித்தபோது, மிச்சமான மின்சாரத்தை நிண்டெண்டோ வேகத்துக்குச் செலவழிக்கவில்லை. கிளாக்கைத் தொடாமல் நாலரை முதல் ஒன்பது மணி நேரம் ஆக்கியது.