முதல் ஆய்வுக்கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்

கட்டுரையை முழுக்க எழுதி முடித்துவிட்டு இதழைத் தேடுவதுதான் பலர் வழக்கம். முதல் வரைவு கைக்கு வந்ததுமே இதழை முடிவு செய்துவிடுவது நல்லது. உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு முறை வரும் இதழ் எது? உங்கள் ஆய்வைப் படிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த இதழின் நோக்கமும் எல்லையும் சொல்லும் பக்கத்தைப் படியுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் தலைப்புக்கு நெருக்கமான கட்டுரை ஒன்றுகூட அதில் வரவில்லை என்றால் வேறு இதழைப் பாருங்கள். எல்லைக்குள் வராத கட்டுரையை, துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் பதிப்பாசிரியர் திருப்பிவிடுவார். ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

இதழ் உண்மையானதா என்பது அடுத்த கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான இதழ்கள் என்று தொகுத்து வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. 'யுஜிசி கேர் அங்கீகாரம்' என்று இன்றும் விளம்பரம் செய்யும் இதழை அந்த ஒரு சொல்லுக்காக நம்ப வேண்டாம். ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் இதழ்ப் பட்டியலில், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கொண்டு நீங்களே தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நிறுத்தப்பட்ட இதழ்களின் பழைய பதிவு அங்கே அப்படியே இருக்கும். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. அதனால் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பைத் தொடாமல், பதிப்பகத்தின் தளம் வழியாகவே இதழுக்குள் போங்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்று சொல்லும் இடத்தில் உண்மையான மதிப்பாய்வு நடக்க வழியில்லை.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் தலைப்பெழுத்தும். க. முத்துக்குமார் ஒரு கட்டுரையில் 'முத்துக்குமார் க.' என்றும், இன்னொன்றில் தந்தை பெயரை விரித்தும் எழுதினால், தரவுத்தளம் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். மேற்கோள் எண்ணிக்கையும் சிதறும். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசி வரை மாற்றாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகப் பெற்று, மற்ற பெயர் வடிவங்களையும் அதில் பதிந்துவிடுங்கள். இதழோடு கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியராக நீங்கள் இருந்தால், படிப்பு முடிந்ததும் முடங்கிவிடும் கல்லூரி மின்னஞ்சலோடு நிரந்தரமான இன்னொன்றையும் கொடுங்கள். ஆசிரியர் வரிசையை நெறியாளரோடும் மற்றவர்களோடும் பேசி, எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பதிவேற்றுங்கள். பின்னால் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ எல்லோருடைய கையெழுத்தும் கேட்பார்கள்.

இரு பக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் தலைப்புப் பக்கம் தனிக் கோப்பு. பெயர், நிறுவனம், நன்றியுரை, நிதி உதவி எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். கட்டுரைக்குள் 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்று எழுதியிருந்தால் மூன்றாம் மனிதர் ஆய்வைச் சொல்வதுபோல் மாற்றுங்கள். வேர்டு கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' வழியாக நீக்குங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

படங்களை வேர்டில் ஒட்டி, அங்கிருந்து திரும்ப எடுத்து அனுப்பாதீர்கள். வேர்டு அவற்றைச் சுருக்கிவிடுவதால் எழுத்துகள் மங்கிவிடும். வரைந்த மென்பொருளிலிருந்தே நேராக ஏற்றுமதி செய்யுங்கள்: புகைப்படத்துக்குக் குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), கோட்டு வரைபடத்துக்குப் பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவம். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் திருத்தக்கூடிய அட்டவணையாகவே வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி தெரிவியுங்கள். அதை ஆசிரியராகச் சேர்க்க முடியாது.

பதிப்பாசிரியருக்கான கடிதம் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். என்ன கேள்வி, என்ன கண்டீர்கள், இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும், வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி, இவ்வளவுதான். ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் கடிதத்தால் பயனில்லை. மதிப்பாய்வாளர் பெயர்களைக் கேட்டால், உங்களோடு அண்மையில் சேர்ந்து எழுதியவர்களையும் உங்கள் நிறுவனத்தாரையும் தவிர்த்து, நிறுவன மின்னஞ்சலோடு கொடுங்கள். போலி மின்னஞ்சல் முகவரிகள் வழியாக நடந்த போலி மதிப்பாய்வுக்காக 2017இல் 'டியூமர் பயாலஜி' இதழின் 107 கட்டுரைகளை ஸ்பிரிங்கர் திரும்பப் பெற்றது. அப்படிப்பட்டவற்றைப் பார்த்துவிட்ட பதிப்பாசிரியர்கள் ஜிமெயில் முகவரியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எல்லாக் கோப்புகளையும் ஏற்றிவிட்டதால் அனுப்பியதாகாது. பல இதழ்கள் கட்டுரை பெறப் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் தளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடிஎஃப் உருவாக்கும். அதைத் திறந்து பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் கட்டுரை இதழுக்குப் போகும். அழுத்தாமல் விட்டு, வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த பிடிஎஃபில் சமன்பாடுகளும் கிரேக்க எழுத்துகளும் கட்டங்களாக மாறியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். கட்டுரை எண்ணுடன் மின்னஞ்சல் வந்தால்தான் அனுப்பியதாகப் பொருள்.

திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்து எழுதி, கீழே உங்கள் பதிலையும், மாற்றிய இடத்தின் பக்க, வரி எண்களையும் கொடுங்கள். 'திருத்திவிட்டோம்' என்று மட்டும் எழுதினால் அவர் முழுக் கட்டுரையையும் தேட வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்ள முடியாத கருத்துக்குச் சான்றோடு மறுப்பு எழுதலாம். பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது. கெடு போதாது என்று தெரிந்தால் அது முடியும் முன்பே அவகாசம் கேளுங்கள். தவறவிட்டால் புதுக் கட்டுரையாக முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

ஏற்றுக்கொண்ட பிறகு, வெளியிடும் முன் பிழை பார்க்க வரும் மெய்ப்புப் படிக்கு இரண்டு மூன்று நாட்கள்தான் கிடைக்கும். ஆசிரியர் பெயர்கள், நிறுவனங்கள், அட்டவணை எண்கள், நிதி எண் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடுங்கள். வெளியான பிறகு பிழையைத் திருத்த வேண்டுமானால் தனியாகத் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.