சுவிட்ச் போர்டுக்குக் காவி அடித்துக் கோலம் போடலாம், வாங்க

வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் பிளேட், புதுசாக இருக்கும்வரை பளிச்சென்றுதான் இருக்கும். ஒரு வருடம் போகட்டும். சமையலறை போர்டில் மஞ்சள் விரல் தடம், ஹால் போர்டைச் சுற்றி அழுக்கு வளையம். எங்கள் வீட்டில் அப்படி மங்கிப்போன ஆறு மாட்யூல் (அதாவது ஆறு சுவிட்ச் அளவு இடம் உள்ள) பிளேட் ஒன்றைக் கழற்றி, வாசல் படிக்கு அடிப்பதுபோல் காவி அடித்து, வெள்ளைக் கோடு இழுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். பெயிண்ட் வேலை மொத்தமே இரண்டு மணி நேரம்தான். மீதியெல்லாம் காயக் காத்திருக்கும் நேரம்.

முதலில் உங்கள் போர்டு எந்த வகை என்று பாருங்கள்

இந்தச் செய்முறை மாட்யூலர் போர்டுக்கு மட்டும்தான். அதில் சுவிட்ச்சுகள் உள்ளே இருக்கும் ஃப்ரேமில் உட்கார்ந்திருக்கும். வெளியே தெரியும் பிளேட் வெறும் மூடி, கிளிப்பில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றினாலும் சுவிட்ச் அசையாது.

பழைய வீடுகளில் மரப்பெட்டி மேல் ஹைலம் ஷீட் என்ற கெட்டியான பலகையை வைத்து, அதில் பியானோ டைப் சுவிட்ச் பொருத்தியிருப்பார்கள். அங்கே ஸ்க்ரூவைக் கழற்றினால் ஷீட்டோடு சுவிட்ச்சும் வயரும் சேர்ந்தே வந்துவிடும். அதில் கை வைக்காதீர்கள். சுற்றியுள்ள சுவரில் ஒரு பார்டர் வரைந்தாலே அந்த போர்டுக்குப் போதும்.

வாடகை வீடு என்றால் பழைய பிளேட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புது பிளேட் ஒன்று வாங்கி அதில் வரையுங்கள். பிளேட் தனியாகவே கிடைக்கும். ஆனால் ஒரு கம்பெனி பிளேட் இன்னொரு கம்பெனி ஃப்ரேமில் உட்காராது, ஒரே கம்பெனியிலும் மாடல் மாறினால் உட்காராது. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதுதான் சரி. எட்டு மாட்யூல் என்றால் நீளமாக ஒன்று, சதுரமாக ஒன்று என்று இரண்டு வடிவம் உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள்.

தேவையானவை

நைஸ் உப்புத்தாள் (400 நம்பர்), மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக்கில் ஒட்டும் பிரைமர், அக்ரிலிக் பெயிண்டில் காவி நிறமும் வெள்ளையும், அரை அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, 0 நம்பர் மெல்லிய பிரஷ் ஒன்று, தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ், டெஸ்டர், சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி.

காவி நிறம் தனியாகக் கிடைக்காவிட்டால் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் கொஞ்சம் சிவப்பைக் கலந்தால் வந்துவிடும். இரும்பு கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். அதில் இருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடலாம்.

கரண்ட்டை நிறுத்துவது

இந்த ஒரு இடத்தில் அவசரமே கூடாது. முதல் தடவை நான் மெயினை ஆஃப் செய்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது! ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன் நிற்கக்கூடாது என்று வாங்கி வைத்த அதே பெட்டிதான். பேட்டரியிலிருந்து வந்தாலும் அதுவும் ஏறக்குறைய 230 வோல்ட்தான்.

அதனால் வரிசை இப்படி. கரண்ட் இருக்கும்போதே அந்த போர்டின் பிளக் சுவிட்ச்சை ஆன் செய்து, பிளக் துளையில் டெஸ்டரை வைத்து, அது ஒழுங்காக எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை ஆஃப் செய்யுங்கள். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்யுங்கள். அப்புறம் அதே துளையில் பிளக் சுவிட்ச்சை ஆன் நிலையில் வைத்து மறுபடி சோதியுங்கள். போர்டில் உள்ள லைட், ஃபேன் சுவிட்ச்சுகளையும் போட்டுப் பாருங்கள். டெஸ்டரும் எரியவில்லை, ஒன்றும் ஓடவில்லை என்றால்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வரும் நாளில் பிளேட்டைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். அவருக்கு அது அரை நிமிட வேலை.

கழற்றுவது

பிளேட்டின் கீழோரத்திலோ பக்கவாட்டிலோ சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும். அதில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து மெல்ல நெம்பினால் டக்கென்று கிளிப் விடும். ஒரே மூலையில் பலத்தைக் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வாருங்கள். உள்ளே ஃப்ரேமைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தொடவே வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிளேட் இல்லாத போர்டை அப்படியே விட்டு வைக்காதீர்கள், காயும்வரை பழைய பிளேட்டையோ ஒரு உபரி பிளேட்டையோ மாட்டி வையுங்கள். அதன் பிறகு கரண்ட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

தேய்த்துத் துடைப்பது

பாத்திரம் கழுவும் சோப்பில் பிளேட்டைக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கினால் போதும், பள்ளம் விழத் தேய்க்க வேண்டாம். தூசியைத் துடைத்தபின் வெறும் விரல் படக்கூடாது. நம் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில்தான் பெயிண்ட் முதலில் உரியும்.

அடுத்து, பிளேட்டின் பின்பக்கக் கிளிப்புகளிலும் நடுத் திறப்பின் உள்விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அந்த உள்விளிம்பில் பெயிண்ட் ஏறினால் திறப்பு இறுகி, சுவிட்ச்சை அழுத்தினால் திரும்பி வராது. நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பிளேட்டைக் கெடுத்த பிறகு.

காவி அடிப்பது

பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் காவி இரண்டு கோட். ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கட்டும். முதல் கோட் திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து அங்கேயே மறுபடி மறுபடி இழுக்காதீர்கள், அரைகுறையாகக் காய்ந்தது சுருண்டு வரும். அரை மணி நேரம் விட்டு இரண்டாவது கோட் கொடுத்தால் தானாகச் சமமாகிவிடும்.

கோலம்

பிளேட்டில் நமக்குக் கிடைக்கும் இடம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. சிக்குக் கோலம் ஆசைதான், ஆனால் அது இங்கே நெருக்கிக்கொண்டு நூடுல்ஸ் மாதிரி தெரியும். படிக்கோலம்தான் இந்த இடத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தும்.

வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மாக்கோலத்துக்குக் கரைக்கும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். சாக்பீஸைக் கூராக்கி, ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் இரட்டைக் கோடு லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் மூலையில் நின்றுவிடாமல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கொஞ்சம் வெளியே நீள வேண்டும், படிக்கோலத்தின் அழகே அந்த மூலையில்தான் இருக்கிறது. பிறகு 0 நம்பர் பிரஷ்ஷால் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் இழுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தால் ஒவ்வொரு நிறுத்தமும் முடிச்சுபோலத் தெரியும். மூலையில் நீண்ட கோடுகளின் முனைகளைச் சின்ன வளைவால் இணையுங்கள். புள்ளி வைக்க ஈர்க்குச்சியைவிட நல்ல கருவி கிடையாது: முனையைத் தோய்த்து, செங்குத்தாகத் தொட்டு எடுத்தால் கடுகு அளவில் ஒரே மாதிரி புள்ளி விழும்.

கோடு கோணினால் காயும் முன் ஈரமான இயர்பட்ஸால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டால் அதன்மேல் காவியைத் தொட்டு மறுபடி வரையுங்கள்.

ஜரிகை, அலுமினியத் தாள் மாதிரி உலோகம் கலந்த எதையும் ஒட்டாதீர்கள், பிய்ந்து உள்ளே விழுந்தால் ஆபத்து. சுவிட்ச் மேலும் பெயிண்ட் வேண்டாம், தினம் பத்துக் கை படும் இடம் அது. இன்னொன்று, தரையோரம் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் பூ, பட்டாம்பூச்சி, பொம்மை எதையும் வரையாதீர்கள். தவழும் குழந்தை நேரே அங்கேதான் போகும். அந்த போர்டு வெள்ளையாகவே இருக்கட்டும்.

வார்னிஷ் அடித்து மாட்டுவது

ஒரு இரவு காயவிட்டு வார்னிஷ் இரண்டு கோட். சிலர் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மேலே பூசச் சொல்கிறார்கள். சமையலறை ஈரத்துக்கு அது பிசுபிசுக்கும், வேண்டாம்.

வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபிறகும் இரண்டு நாள் பொறுங்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் மறுபடி ஆஃப் செய்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, டேப்பை உரித்து, பிளேட்டை நேராக வைத்து ஓரங்களில் அழுத்தினால் கிளிப் பிடித்துக்கொள்ளும். கரண்ட்டைப் போடும் முன்னே எல்லா சுவிட்ச்சையும் இரண்டு தடவை தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் பிளேட்டைக் கழற்றி உள்விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும்.

சுத்தம் செய்ய ஈரம் பிழிந்த துணி போதும், ஸ்ப்ரேயை நேராக போர்டு மேல் அடிக்காதீர்கள். கலந்த காவியில் மீதியைச் சின்ன டப்பாவில் இறுக மூடி வையுங்கள். மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, அடுப்போரத்து பிளேட்டுக்கு எப்படியும் ஒரு நாள் தேவைப்படும்.