டொக்கியூமென்ட்ஸ் கோப்புறையைச் சேர்வருக்குத் திசைதிருப்பும் முறை: தோட்டக் காரியாலயங்களுக்கு

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிகளின் தோட்டக் காரியாலயங்கள் பலவற்றில் செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவு) ஒரு கிளாக்கரின் கணினியிலும், கொழுந்து நிறுவைக் கணக்கு இன்னொருவரின் கணினியிலும், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள் வேறொன்றிலுமாகக் கிடக்கின்றன. ஒருவர் லீவில் போனாலும் இடிமழையில் ஒரு கணினி பழுதடைந்தாலும் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். பயனர்களின் டொக்கியூமென்ட்ஸ் கோப்புறையைச் சேர்வருக்குத் திசைதிருப்பிவிட்டால், அவர்கள் பழகிய இடத்திலேயே சேமிப்பார்கள். கோப்பு மட்டும் சேர்வரில் போய்ச் சேரும்.

இதற்கு ஆக்டிவ் டிரெக்டரி டொமைன், அதாவது பயனர் கணக்குகளையும் கணினிகளையும் சேர்வரிலிருந்து ஒன்றாக நிர்வகிக்கும் வின்டோஸ் அமைப்பு ஒன்று வேண்டும். கணினிகளில் வின்டோஸ் புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருக்க வேண்டும். விலை குறைவென்று வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம் பதிப்பே இருக்கும். அது டொமைனில் சேராது என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையின் கடினமான பகுதி எல்லோரின் கோப்புறைகளும் அடங்குமாறு சேர்வரில் வைக்கும் மூலக் கோப்புறையின் அனுமதிகளே. ஒரு கோப்புறையை உருவாக்கி, வலையமைப்பில் உலாவுவோருக்குத் தென்படாதிருக்கப் பகிர்வுப் பெயரின் இறுதியில் டொலர் குறியைச் சேர்த்து, அலுவலர்களின் குழுவுக்குப் பகிர்வு அனுமதியை முழுமையாகக் கொடுங்கள். பிறகு பாதுகாப்புப் பகுதியில் மேலிருந்து இறங்கிவரும் அனுமதிகளைத் துண்டித்து, சிஸ்டத்துக்கும் (வின்டோஸின் சொந்தக் கணக்கு) அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கும் முழு உரிமையையும், கிரியேட்டர் ஓனருக்கு (கோப்புறையை உருவாக்கியவர்) உட்கோப்புறைகளிலும் கோப்புகளிலும் மட்டும் முழு உரிமையையும், அலுவலர் குழுவுக்கு இந்தக் கோப்புறையில் மட்டும் பட்டியலைப் பார்க்கவும் புதிய கோப்புறை உருவாக்கவும் உரிய உரிமையையும் வழங்குங்கள். இவ்வாறு செய்தால் ஒருவர் மற்றவரின் கோப்புறையைத் திறக்க முடியாது. ஒவ்வொருவர் பெயரிலும் கோப்புறைகளை முன்கூட்டியே நீங்கள் உருவாக்கி வைக்க வேண்டாம். அவற்றின் உரிமையாளராக நீங்கள் பதிவாகிவிடுவீர்கள், திசைதிருப்பலும் தோல்வியடையக்கூடும்.

அடுத்து, டொமைனில் உள்ளவர்களுக்கான அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து வகுக்கும் குரூப் பொலிசி மனேஜ்மென்டில் புதிய பொலிசி ஒன்றை உருவாக்கி, டொமைனில் பயனர் கணக்குகள் உள்ள பிரிவுடன் (ஓ.யூ.) இணையுங்கள். இது பயனருக்குரிய அமைப்பு என்பதால் கணினிகள் மட்டும் உள்ள பிரிவுடன் இணைத்தால் பயனில்லை. யூசர் கொன்ஃபிகரேஷன், பொலிசிஸ், வின்டோஸ் செட்டிங்ஸ், ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்ற வரிசையில் சென்று, டொக்கியூமென்ட்ஸின் புரொப்பர்டீஸைத் திறந்து, பேசிக் என்பதையும், மூலப் பாதையின் கீழ் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறை உருவாக்கும் தெரிவையும் எடுங்கள். பாதையை இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கி, சேர்வர் பெயரும் பகிர்வுப் பெயரும் வருமாறு எழுத வேண்டும். சேர்வரின் டிரைவ் எழுத்தை எழுதினால் அது அந்தந்தக் கணினியின் டிரைவையே குறிக்கும்.

செட்டிங்ஸ் பகுதியில் இரண்டு பெட்டிகள் முன்னரே குறியிடப்பட்டிருக்கும். பயனருக்கு மட்டுமே உரிமை தரும் முதலாவது குறி இருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டராலும் அந்தக் கோப்புறையைத் திறக்க முடியாது. கிளாக்கர்மார் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகிப் போவது சாதாரணமான நம் இடத்தில் அந்தக் குறியை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதை அலுவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோப்புறைகள் உருவான பின் குறியை எடுத்தால் பழையவற்றின் அனுமதிகள் தாமாக மாறமாட்டா. இரண்டாவது குறி ஏற்கெனவே உள்ள கோப்புகளைச் சேர்வருக்கு நகர்த்துவது, அது இருக்கட்டும். நகர்த்தும் முன் கலியாண வீடியோக்களையும், டொக்கியூமென்ட்ஸுக்குள் அவுட்லுக் வைத்திருக்கும் பி.எஸ்.ரி. அஞ்சல் கோப்புகளையும் வெளியே எடுங்கள். பி.எஸ்.ரி. கோப்புகளை வலையமைப்பில் வைத்துப் பயன்படுத்துவதை மைக்ரோசொஃப்ட் ஆதரிப்பதில்லை. ஒன்டிரைவ் இதே கோப்புறையைக் காப்புச் செய்துகொண்டிருந்தால் அதையும் முதலில் நிறுத்துங்கள்.

சம்பள வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். முதலில் ஓரிருவருக்கு மட்டும் செயற்படுத்தி, அவர்களை வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள். வின்டோஸின் விரைவு உள்நுழைவு காரணமாக இரண்டு முறையும் தேவைப்படலாம். மாற்றம் தெரியாவிட்டால், வின்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவில் 502 என்ற எண்ணைத் தேடுங்கள். பெரும்பாலும் அது அனுமதிக் கோளாறையே காட்டும். பொலிசியைச் சிலருக்கு மட்டும் வரையறுக்க ஓதென்டிகேட்டட் யூசர்ஸ் (டொமைனில் உள்நுழைந்த எல்லாக் கணக்குகளும்) குழுவை நீக்கியிருந்தால், டெலிகேஷன் பகுதியில் அதற்கு வாசிப்பு அனுமதியைத் திரும்பக் கொடுங்கள். 2016 ஜூனில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் அது இன்றிப் பொலிசி செயற்படாது.

திசைதிருப்பிய கோப்புறைகளின் பிரதியை ஒஃப்லைன் ஃபைல்ஸ் வசதி கணினியிலும் வைத்துக்கொள்வதால், சேர்வர் அணைந்தாலும் வேலையைத் தொடரலாம். தொடர்பு திரும்பியதும் இரண்டும் ஒத்திசையும். எனினும் மின்வெட்டு வரும்போது சேர்வருக்கு யூ.பி.எஸ். இருந்து, கணினிகளைச் சேர்வருடன் இணைக்கும், சுவரில் தொங்கும் வலையமைப்புச் சுவிட்சுக்கு இல்லாதிருப்பதைப் பல இடங்களில் காணலாம். சுவிட்சையும் யூ.பி.எஸ்ஸில் இணையுங்கள். காரியாலயத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பி இழுப்பதானால், மின்னலைக் கடத்தாத ஃபைபரே (ஒளியிழை) ஏற்றது.

கோப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டதால் அந்த ஒரு டிஸ்க் பழுதானால் எல்லாமே போகும். வெளி டிஸ்க்குகள் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றைக் காரியாலயத்துக்கு வெளியே வையுங்கள். குறித்த நேரங்களில் கோப்புகளின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஷேடோ கொப்பி வசதியையும் சேர்வரில் இயக்குங்கள்; தவறுதலாக அழித்த கோப்பை அதிலிருந்து மீட்கலாம். அதன் வழமையான அட்டவணை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் மட்டுமே என்பதால், சனிக்கிழமையும் வேலை நடக்கும் தோட்டங்களில் அந்த நாளையும் நீங்களே சேர்க்க வேண்டும்.