முளைப்பயறு வளர்க்க எந்தச் சாதனம்? முதலில் விதையைப் பாருங்கள்

முளை வளர்க்கும் சாதனம் என்று தேடினால் ஜாடி, வலைமூடி, துணிப்பை, அடுக்குத் தட்டு, மின்சாரக் கருவி என்று வரிசையாக வந்து நிற்கும். எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊறிய விதைக்கு ஈரமும் வேண்டும், மூச்சுவிடக் காற்றும் வேண்டும். விதைக்குத் தண்ணீர் காட்டுவது சுலபம், அதை முழுசாக வடிப்பதுதான் வேலை. அடியில் தேங்கினால் காற்று போகாது, விதை வேர்விடாமல் அழுகிவிடும். ஆகவே எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் வெளியே போகுமா? உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவ முடியுமா? இரண்டுக்கும் பதில் ஆமாம் என்றால் அது எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் நல்ல சாதனம்.

படி 1: விதையை முடிவு செய்யுங்கள்

பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பட்டாணி, கோதுமை மாதிரி பருத்தவை ஒரு வகை. சின்ன வேர் எட்டிப் பார்த்ததுமே சாப்பிடத் தயார், பெரும்பாலும் 2, 3 நாள். அல்ஃபால்ஃபா (குதிரைமசால்), புரோக்கோலி, முள்ளங்கி போன்ற பொடி விதைகள் இன்னொரு வகை. இவை இலை விரிக்கும்வரை 5, 6 நாள் வளரும், இடமும் நிறையக் கேட்கும். மூன்றாவது, நனைந்ததும் வழவழவென்று கூழ் கட்டும் சியா, ஆளிவிதை, சப்ஜா. இந்த மூன்றுக்கும் ஒரே சாதனம் சரிவராது, அதனால்தான் விதையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

வயலில் விதைப்பதற்கென்று விற்கும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். முளைகட்டிச் சாப்பிடுவதற்கென்றே விற்பதை வாங்குங்கள். ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது, அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். சோள முளையும் (மக்காச்சோளம் அல்ல, ஜோவார் எனப்படும் சோளம்) வேண்டாம், அதில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது.

படி 2: ஜாடியில் தொடங்குங்கள்

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் தீர்ப்பு இதுதான்: அகன்ற வாய் உள்ள 1 லிட்டர் கண்ணாடி ஜாடி, துருப்பிடிக்காத எஃகு வலை போட்ட மூடி, சாய்த்து வைக்க ஒரு தாங்கி. கண்ணாடி என்பதால் உள்ளே நடப்பது தெரியும், கொதிநீரில் போட்டு எடுக்கலாம், வாடை பிடிக்காது.

வலைமூடியைத் தனியாக வாங்கினால் வாய் அளவைப் பார்த்து வாங்குங்கள். மேசன் வகை (திருகு வளைய மூடி போட்ட) கண்ணாடி ஜாடிகளில் அகல வாய்க்கு 86 மி.மீ., சாதாரண வாய்க்கு 70 மி.மீ.; ஒன்றுக்கு வாங்கிய மூடி மற்றதற்குப் பொருந்தாது. மூடியின் வளையத்தையும் கவனியுங்கள், ஏனென்றால் வலை மட்டும் நல்ல எஃகாக இருந்து வளையம் சாதாரணத் தகரமாக இருந்தால், தினமும் நனைவதில் சீக்கிரமே துரு ஏறி முளைமேல் பழுப்புத் தண்ணீர் வடியும். பொடி விதைக்கு நெருக்கமான வலை வேண்டும். இப்போதைக்கு வலையே இல்லையா? மெல்லிய பருத்தித் துணியும் ரப்பர் வளையமும் போதும்.

தாங்கிக்குத் தனியாகச் செலவு செய்யவேண்டியதில்லை. ஒரு கிண்ணத்தில் ஜாடியைத் தலைகீழாக, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நிறுத்தினால் ஆயிற்று. நேர் தலைகீழாக வைத்தால் விதை எல்லாம் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும்.

படி 3: மற்றவை யாருக்கு?

துணிப்பை: பருத்த பயறுக்கு அருமை. நனைத்து, தூக்கி, தொங்கவிட்டால் நாலாபக்கமும் வடியும். பொடி விதைக்கு வேண்டாம், வேர் நெசவுக்குள் புகுந்துகொண்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைத்து நன்றாகக் காயவைக்கும் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுக்குத் தட்டு: இலை விடும் முளைகளுக்கு நல்ல இடம், நிமிர்ந்து வளரும். ஆனால் மேல்தட்டில் ஊற்றிய தண்ணீர்தான் கீழ்த்தட்டுக்கும் இறங்குகிறது. மேலே கெட்டது கீழேயும் கெடும். தட்டைத் தட்டாகக் கழற்றித் தனித்தனியே கழுவி வடியவிடுங்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது, அழுக்கும் கிருமியும் தங்குவது அந்தக் கீறலில்தான்.

மின்சாரக் கருவி: வெளிப்படையாகச் சொன்னால் ஆரம்பத்தில் தேவையே இல்லை. பல கருவிகள் ஒரே தண்ணீரையே சுற்றிச் சுற்றித் தெளிக்கின்றன, எனவே அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், குழாயையும் பம்பையும் கழுவ வேண்டும். கை வேலை மிச்சம் என்று வாங்கினால் கழுவும் வேலை கூடுகிறது. புதுத் தண்ணீர் தெளித்துப் பழையதை வெளியே விடும் வகை இதைவிட மேல்.

கூழ் கட்டும் விதைக்கு ஜாடியும் பையும் உதவாது, வலை அடைத்துக்கொள்ளும். மெருகு பூசாத மண்தட்டை நனைத்து, விதையை மெல்லியதாகத் தூவி, மேலே நீர் தெளித்து வந்தால் போதும்.

தடித்த, நீளமான பயறு முளை வேண்டுமென்றால் வேறு ஏற்பாடு: ஓட்டைகள் உள்ள ஆழமான பாத்திரம், இருட்டு, மேலே ஒரு கனம். அழுத்தம் பட்டால் முளையில் எத்திலீன் வாயு கூடி, தண்டைத் தடிக்க வைக்கும்.

படி 4: முதல் ஈடு

பச்சைப்பயறு என்றால் 1 லிட்டர் ஜாடிக்கு அரை கப் போதும். அல்ஃபால்ஃபா என்றால் 2 மேசைக்கரண்டி, அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். சொத்தை, கல் பொறுக்கிவிட்டுக் கழுவி, பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசி, சாய்த்து வையுங்கள். அப்புறம் தினமும் 2, 3 தடவை குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி வடிக்க வேண்டும், வெக்கை அதிகமானால் 4 தடவை. 18 முதல் 24 பாகை செல்சியஸ் வசதியான வெப்பம். நேர் வெயில் படவேண்டாம். இலை விடும் முளைகளைக் கடைசி நாளில் வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகும்.

முள்ளங்கி, புரோக்கோலி முளைகளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். அலசியதும் படிந்துவிட்டால் அது வேர்த்தூவி, அதாவது வேரில் இயல்பாக வரும் மெல்லிய முடி. அலசியும் போகாமல் விதைமேல் படர்ந்து, வாடையும் அடித்தால் பூஞ்சை, மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள்.

படி 5: சுத்தமும் எச்சரிக்கையும்

ஒவ்வொரு ஈடு முடிந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்து, கண்ணாடியையும் எஃகையும் கொதிநீரில் போட்டெடுத்து முழுசாகக் காயவிடுங்கள். வலையில் வெள்ளை உப்புப் படிந்தால் வினிகரில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

ஆனால் எந்தச் சாதனமும் விதைக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை நீக்காது. முளைக்கு ஏற்ற ஈரமும் வெதுவெதுப்பும் சால்மோனெல்லா, இ.கோலை கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் உயிரிழந்த இ.கோலை தொற்றில் விசாரணை போய் நின்ற இடம் வெந்தய விதை. எனவே கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். மற்றவர்களும் கடைசி அலசலுக்குப் பிறகு நீர் நன்றாக வடிந்ததும் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். வழவழத்தாலோ வாடை மாறினாலோ ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.